தினசரி சர்வர் அறிக்கைகளை யார் படிப்பது?

கணினிக் கேள்வி-பதில் பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களில் பல, சர்வர்கள் நாள்தோறும் தாமாகவே அனுப்பும் நிலை அறிக்கைகளைப் பற்றியவை. அவற்றைச் சேர்த்து இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் பதினைந்து லினக்ஸ் சர்வர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் அதிகாலையில் லாக்வாட்ச் (லாக் எனப்படும் நிகழ்வுப் பதிவுகளைச் சுருக்கித் தரும் கருவி) அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புகிறது. பணியில் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் படித்தேன். இப்போது தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அழித்துவிடுகிறேன். ‘எரர்’, ‘ஃபெயில்டு’ போன்ற சொற்கள் வந்தால் மட்டும் எனக்குத் தெரிவிக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதுமா?
– கணினி மைய நிர்வாகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் படிப்பதை நிறுத்தியதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரையின் முன் அமர்ந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியவர்கள், நேரம் செல்லச் செல்ல உண்மையான சமிக்ஞைகளையே தவறவிட்டார்கள். அதன் காரணத்தை அறிய, பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வடிவமைத்தார். வெறும் வட்டப் பலகையில் ஒரு முள் சீராக நகர்ந்துகொண்டிருக்கும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தூரம் தாவும். அந்தத் தாவலைக் கண்டவர் பொத்தானை அழுத்த வேண்டும். 1948-இல் வெளியான முடிவுகளின்படி, முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கிவிட்டது. ஒன்றுபோலவே இருக்கும் பதினைந்து அறிக்கைகளில் என்றோ ஒருநாள் மாறப்போகும் ஒற்றை வரிக்காகக் காத்திருப்பதும் அதே வகை வேலைதான். அதை இயந்திரத்திடம் ஒப்படைக்க நினைத்தது நல்ல முடிவு.

ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் ஸ்கிரிப்டை எழுத வேண்டாம். ‘எரர்’ என்ற சொல் தீங்கற்ற வரிகளில் ஏராளமாக வரும். பிழைகளின் எண்ணிக்கை 0 என்று நற்செய்தி சொல்லும் வரியும் அதில் சிக்கும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மிக மோசமான செய்திகள் பலவற்றில் அந்தச் சொல்லே இருப்பதில்லை என்பதுதான் பெரிய குறை. நினைவகம் தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் உங்கள் டேட்டாபேஸைக் கொன்றால், ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்’ என்றுதான் வரி இருக்கும். நள்ளிரவில் யாரோ ஒரு புதிய கணக்கை உருவாக்கினால் ‘நியூ யூசர்’ என்று ஒரு வரி விழும். அறிமுகமில்லாத முகவரியிலிருந்து ஒருவர் சரியான கடவுச்சொல்லுடன், முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கில் நுழைந்துவிட்டால், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் அதை ‘அக்செப்டட்’ என்றே பதியும். அந்த மென்பொருளைப் பொறுத்தவரை அங்கே எந்தத் தவறும் நடக்கவில்லை. ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளில் வைக்கும் ரெய்டு அமைப்பில் ஒன்று செயலிழந்தால், நிலையைக் காட்டும் கோப்பில் இரண்டு ‘யூ’ எழுத்துகள் இருந்த இடத்தில் ஒரு ‘யூ’வும் ஓர் அடிக்கோடும் நிற்கும். இவற்றில் எதையும் உங்கள் ஸ்கிரிப்ட் பிடிக்காது. லாக் வரிகளுக்கு 0 முதல் 7 வரை தரப்படும் எட்டு முக்கியத்துவ நிலைகளை மட்டும் நம்புவதும் போதாது. அந்த எண்ணை இட்டவர் மென்பொருளை எழுதியவர், உங்கள் கல்லூரிக்கு எது முக்கியம் என்பதை அவர் அறியமாட்டார்.

சரியான வழியை ஃபயர்வால் துறையில் பெயர்பெற்ற மார்க்கஸ் ரேனம் 1997-இலேயே எழுதிவிட்டார். அதற்குச் ‘செயற்கை அறியாமை’ என்று பெயரும் வைத்தார். கெட்ட வரிகளைத் தேடக் கூடாது. தீங்கற்றவை என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த வரிகளை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். விலக்கிய பின் மிஞ்சுவது எதுவோ அதை மனிதர் படிக்க வேண்டும். முதல் முறையில், ஏற்கெனவே கண்டிருக்கும் தொல்லைகளை மட்டுமே பிடிக்க முடியும். இரண்டாவது முறையில், இதுவரை யாரும் கண்டிராத ஒன்றும் அது புதியது என்பதாலேயே உங்கள் மேசைக்கு வந்துவிடும். எத்தனையோ கருவிகள் வந்துபோன பின்னும், இந்தக் கொள்கையைவிடப் பயனுள்ள ஒன்றை இந்தத் துறையில் நான் பார்க்கவில்லை.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதலில், லாக்வாட்ச் அனுப்பும் அறிக்கையை அலசாதீர்கள். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. மூல லாக் கோப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரத்து வரிகளில் நேரம், பிராசஸ் எண், ஐபி முகவரி, பயனர் பெயர் என்று வரிக்கு வரி மாறும் பகுதிகளுக்குப் பதிலாக ஒரு பொதுக் குறியை இட்டு, ஒரே வடிவம் கொண்டவற்றைச் சேர்த்து எண்ணுங்கள். மலைபோல் தெரிந்த வரிகள் ஒருவர் உட்கார்ந்து பார்த்து முடிக்கக்கூடிய பட்டியலாகச் சுருங்கும். அதிலும் மேலே இருக்கும் சில வடிவங்களே மொத்தத்தின் பெரும்பகுதியாக இருக்கும். ஒவ்வொரு வடிவத்தையும் எடுத்து, அது எதனால் வருகிறது என்று புரிந்துகொண்ட பிறகே விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புரியாததைச் சேர்க்கக் கூடாது, அது எத்தனை ஆயிரம் முறை வந்தாலும் சரி. பல இடங்களில் இந்தப் பயிற்சியே பழைய நோய்களை வெளிக்கொணர்ந்துவிடும்: தவறான முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் பிரிண்டர், என்றோ நீக்கப்பட்ட கோப்பைத் தேடும் தானியங்கி வேலை, இவையெல்லாம் விலக்கப்பட வேண்டியவை அல்ல, சரிசெய்யப்பட வேண்டியவை.

விலக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களை (வரிகளின் வடிவத்தை விவரிக்கும் குறியீடுகளை) எழுதும்போது, வரியின் தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாகப் பொருந்தும்படி எழுதுங்கள். நடுவில் ஒரு சொல் பொருந்தினால் போதும் என்று எழுதினால், வெளியிலிருந்து தாக்குபவர் அந்தச் சொல்லையே தம் பயனர் பெயராக இட்டு, தம் வரியை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட முடியும். எழுதியவர், நாள், காரணம் ஆகியவற்றை ஒவ்வொரு விதியின் மேலும் ஒரு குறிப்பாக எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ என்ற கருவியில் பட்டியலை வைத்திருங்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் இடத்தில் அமரப்போகிறவருக்கு, ஒரு வரி ஏன் கண்ணில் படுவதில்லை என்பதை அறிய வேறு வழி இருக்காது.

எல்லா வடிவங்களும் ‘விலக்கு’, ‘காட்டு’ என்ற இரண்டில் அடங்கிவிடுவதும் இல்லை. இணையத்தில் திறந்திருக்கும் எஸ்எஸ்எச் சர்வருக்குக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் காட்டினால் பயனில்லை. முற்றிலும் விலக்கினாலோ, வழக்கமான அளவைப் போல் பத்து மடங்கு வந்த நாள் தெரியாமல் போய்விடும். இத்தகைய வரிகளை எண்ணி, அந்தந்த சர்வரின் கடந்த சில வார அளவோடு ஒப்பிட்டு, விலகல் பெரிதாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். வெற்றிகரமான நுழைவுகளை எப்போதும் விலக்காதீர்கள். யார், எந்த முகவரியிலிருந்து வருவார்கள் என்ற பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாததைக் காட்டச் செய்யுங்கள்.

இவை அனைத்தையும் புதிதாக எழுதத் தேவையில்லை. லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் லாக்செக் என்ற மென்பொருள் தொகுப்பு கிடைக்கிறது. அது மணிக்கு ஒருமுறை ஓடி, விலக்கு விதிகளுக்குப் பொருந்தாத வரிகளை மட்டும் அனுப்புகிறது. பல மென்பொருள்களுக்கான விதிகள் அதனுடனேயே வருகின்றன. கடைசியாக எந்த இடம் வரை படித்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையையும், லாக் கோப்பு சுழற்சியில் பெயர் மாறும்போது இடையில் விழுந்த வரிகளை விடாமல் படிக்கும் வேலையையும் அதன் துணைக்கருவியே செய்துவிடும். சொந்தமாக எழுதப்படும் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் ஓட்டை விடுகின்றன. லாக்வாட்சையே தொடர விரும்பினால், ஒவ்வொரு பகுதியின் அடியிலும் ‘பொருந்தாதவை’ என்ற பொருள்படும் தலைப்பில் வரும் வரிகளை முதலில் படியுங்கள். அந்தக் கருவிக்கே புரியாமல் போனவை அவை.

கேள்வி: பிரச்சினை ஏற்பட்டால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும்படி எங்கள் பேக்கப் ஸ்கிரிப்டை மாற்றி அமைத்தோம். நான்கு மாதங்களாக ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?
– மென்பொருள் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இதழை மூடிவைத்துவிட்டு முதலில் பேக்கப் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் அழிப்புக் கட்டளையை இயக்கிவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி தரவு போனது. தினசரி பேக்கப்பை எடுக்கப் போனபோது, அது சேமிக்கப்பட வேண்டிய இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடி, ஒவ்வொரு முறையும் தோல்வியில் முடிந்துகொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற கருவியிலிருந்து முறையாகப் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அனுப்புநரை உறுதிசெய்யும் டிமார்க் ஏற்பாடு அவற்றுக்குச் செய்யப்படாததால், பெறும் பக்கம் அவை நிராகரிக்கப்பட்டுவந்தன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல் கிடைத்ததால் இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது. அந்த நிறுவனம் இவை அனைத்தையும் மறைக்காமல் பொதுவெளியில் எழுதியது, இத்துறையில் இருப்பவர்களுக்குச் செய்த பெரிய நன்மை.

உங்கள் ஏற்பாட்டிலும் இதே குறை இருக்கிறது. வேலை வெற்றியாக முடிந்தாலும் மௌனம். வேலையே ஓடாமல் போனாலும் மௌனம். கிரான் நின்றுபோனாலும், மின்னஞ்சல் தொலைந்தாலும் அதே மௌனம். எனவே திசையை மாற்ற வேண்டும். வேலை வெற்றியாக முடியும்போது வேறொரு இயந்திரத்துக்கு ஒரு செய்தி போகட்டும். குறித்த நேரத்துக்குள் அந்தச் செய்தி வரவில்லை என்றால், அந்த இரண்டாவது இயந்திரம் உங்களை எழுப்பட்டும். புரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர், எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கையை வேண்டுமென்றே வைத்து, அது நின்றால் எச்சரிக்கை அமைப்பே பழுதாகிவிட்டது என்று அறிந்துகொள்வதும் இந்த முறையில்தான். கண்காணிக்கும் இயந்திரம் கண்காணிக்கப்படும் இயந்திரத்தோடு ஒரே மின்சார இணைப்பிலோ ஒரே மின்னஞ்சல் சர்வரிலோ இருந்தால், இரண்டும் சேர்ந்தே ஊமையாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெற்றிச் செய்தியின் உள்ளடக்கமும் முக்கியம். ‘முடிந்தது’ என்ற சொல்லை மட்டும் அனுப்பாமல், உருவான கோப்பின் அளவையும் நேரத்தையும் அனுப்புங்கள். பெறும் இயந்திரம் அதை நேற்றைய அளவோடு ஒப்பிடட்டும். நேற்று 40 ஜிபி இருந்தது இன்று 2 கேபி என்றால் கட்டளை வெற்றி என்று சொன்னாலும் அது வெற்றியல்ல. அளவு சரியாக இருப்பதும் இறுதிச் சான்றாகாது. வாரம் ஒருமுறை அந்தக் கோப்பைத் தனி சர்வரில் மீட்டெடுத்து, ஒரு முக்கியமான அட்டவணையில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணும் வேலையையும் தானியங்கியாக்குங்கள்.

இன்னொன்று. வேலை எதையாவது வெளியிட்டால் கிரான் அதை மின்னஞ்சலாக அனுப்பும். அந்தத் தொந்தரவைத் தவிர்க்க, எல்லா வெளியீட்டையும் குப்பைக்குத் திருப்பிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அதனுடன் பிழைச் செய்திகளும் போய்விடுகின்றன. குரோனிக் என்ற சிறு கட்டளையை முன்னால் சேர்த்தால், வேலை தோற்றபோது மட்டும் முழு வெளியீடும் கிடைக்கும்.

கேள்வி: டிஸ்க் 80 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை, 90 சதவீதத்தில் அவசர எச்சரிக்கை என்று வைத்திருக்கிறோம். பாதி எச்சரிக்கைகள் தேவையற்றவையாக இருக்கின்றன. எந்த எண்ணை வைப்பது சரி?
– தரவு மையப் பணியாளர், சென்னை

பதில்: எண்ணை மாற்றிப் பயனில்லை. 20 டிபி கொண்ட ஆவணக் கிடங்கில் 90 சதவீதம் நிரம்பினாலும் 2 டிபி மீதி இருக்கிறது. அது பல மாதங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். 20 ஜிபி கொண்ட லாக் பகுதியில் 60 சதவீதம் என்பது, கட்டுக்கடங்காமல் எழுதும் ஒரு மென்பொருளுக்குச் சில மணி நேரம்தான். நீங்கள் அறிய விரும்புவது எத்தனை சதவீதம் நிரம்பியது என்பதை அல்ல, எப்போது நிரம்பும் என்பதை. கடந்த சில நாள்களின் வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட்டு, இதே வேகத்தில் போனால் நான்கு நாள்களுக்குள் நிரம்பிவிடும் என்றால் பகலில் ஒரு பணிக்குறிப்பு, நான்கு மணி நேரத்துக்குள் என்றால் தொலைபேசி அழைப்பு என்று அமையுங்கள். புரோமீதியஸில் இதற்கென்றே ஒரு கணிப்புச் செயல்பாடு உள்ளது. ஷெல் ஸ்கிரிப்டிலும் நேற்றைய எண்ணை ஒரு கோப்பில் வைத்திருந்து கழித்துப் பார்த்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். ஐநோடுகளையும் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று தேவைப்படும், எண்ணிக்கை வரம்புள்ள பதிவிடங்கள்) சேர்த்துப் பாருங்கள்: சிறுசிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் சேர்ந்த சர்வரில் இடம் தாராளமாக இருக்கும்போதே, இடமில்லை என்ற பிழையோடு எழுதுவது நின்றுபோகும்.

டிஸ்க்கின் உடல்நலம் தனி விஷயம். டிஸ்க் தன்னைத்தானே அளந்து சொல்லும் ஸ்மார்ட் அளவீடுகளில், மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்), நகர்த்தக் காத்திருப்பவை, படிக்கவே முடியாதவை ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் (5, 197, 198 என்ற எண்களில் வருபவை) நாள்தோறும் சேமித்து, பூச்சியத்திலிருந்து அவை நகரும் நாளிலேயே சொல்லச் செய்யுங்கள். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, அத்தகைய பிழை இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். அதே கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையைத் தவிர்த்த ஸ்மார்ட் அளவீடுகள் எதிலும் முன்னறிகுறி காட்டவே இல்லை. ஆகவே அறிகுறி தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அறிகுறி இல்லை என்பதை ரெய்டுக்கும் பேக்கப்புக்கும் மாற்றாகக் கருதாதீர்கள்.

கேள்வி: இணையதளச் சான்றிதழ் காலாவதியாவதைத் தினசரி அறிக்கையில் சேர்க்க வேண்டுமா? தானாகவே புதுப்பித்துக்கொள்கிறதே.
– வலைத்தள வடிவமைப்பாளர், மதுரை

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும். இலவசச் சான்றிதழ்களை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தந்துவந்த காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்கள் 2025 ஜூன் 4-உடன் நின்றுவிட்டன. சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. சோதனையை டிஸ்க்கில் இருக்கும் கோப்பின்மீது செய்யாமல், வெளியிலிருந்து தளத்தோடு இணைந்து, அது உண்மையில் நீட்டும் சான்றிதழின்மீது செய்யுங்கள். கோப்பு புதுப்பிக்கப்பட்டும் வெப் சர்வர் மீண்டும் ஏற்றப்படாததால் பழைய சான்றிதழே போய்க்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது.

கேள்வி: தானியங்கி அறிக்கைகளை எங்கள் குழுவில் உள்ள பன்னிரண்டு பேருக்கும் அனுப்புகிறோம். யாரோ ஒருவர் பார்ப்பார் என்ற எண்ணம். ஆனால் முக்கியமான ஒன்றை எல்லோருமே தவறவிட்டுவிட்டோம். என்ன செய்வது?
– குழுத் தலைவர், பெங்களூரு

பதில்: பன்னிரண்டு பேருக்குப் போவது ஒருவருக்கும் போகாததற்குச் சமம். இதன் மிகப் பெரிய சான்று 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நடந்தது. நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் தன் எட்டு சர்வர்களுக்குப் புதிய நிரலை அனுப்பியபோது, ஒன்றில் மட்டும் அது ஏற்றப்படவில்லை. அங்கே பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் உயிர்பெற்றுவிட்டது. அன்று காலை 8.01 மணி முதல், சந்தை திறக்கும் 9.30 மணிக்குள், நிறுவனத்தின் உள் அமைப்பு ஒன்று அந்தப் பழைய நிரலின் பெயரையே குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைப் பணியாளர் குழுவொன்றுக்கு அனுப்பியது. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, வந்தபோது பணியாளர்கள் பொதுவாக அவற்றைப் பார்ப்பதும் இல்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு உத்தரவு பதிவு செய்திருக்கிறது. சந்தை திறந்த பிறகு 45 நிமிடங்களில் அந்த நிறுவனம் இழந்தது 46 கோடி டாலருக்கும் அதிகம்.

அந்த 97 மின்னஞ்சல்களிலும் தகவல் இருந்தது, காரணத்தின் பெயர்கூட இருந்தது. இல்லாமல் போனது, இதைப் பார்த்து முடிவெடுப்பது இன்னார் பொறுப்பு என்ற ஏற்பாடு. ஆகவே உங்கள் அமைப்பில் ஒவ்வொரு வகைச் செய்திக்கும் அந்த வாரத்துக்கு ஒருவரை மட்டும் உரியவராக்குங்கள். அவர் குறித்த நேரத்துக்குள் ‘பார்த்தேன்’ என்று பதியாவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும். உடனே எழுந்து செய்ய வேண்டியது தொலைபேசிக்கு வரட்டும். இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது, எண்ணிட்ட பணிக்குறிப்பாகப் பதிவாகி, மூடப்படும் வரை கண்ணில் படட்டும். இரண்டும் அல்லாதது லாக்கிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். வெறுமனே தகவலுக்காக என்று அனுப்பப்படும் நான்காவது வகை, மற்ற மூன்றையும் படிக்கும் பழக்கத்தையே கெடுத்துவிடுகிறது. அதைத் துணிந்து நிறுத்துங்கள். ஒரே எச்சரிக்கை மும்முறை வந்தும் யாரும் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை என்றால், அதன் விதியைத் திருத்துவதையே ஒரு பணிக்குறிப்பாக எழுதுங்கள்.

கேள்வி: அறிக்கைகளையும் லாக்குகளையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து, முக்கியமானதை மட்டும் சொல் என்று கேட்டால் இத்தனை விதிகள் எழுதத் தேவையில்லையே?
– எம்.சி.ஏ. மாணவி, திருச்சி

பதில்: பயன் உண்டு, ஆனால் இடம் அறிந்து வைக்க வேண்டும். விதி என்பது ஒரே வரிக்கு இன்றும் நாளையும் ஒரே விடை தருவது. ஒரு வரி ஏன் விலக்கப்பட்டது என்று கேட்டால் விதியைச் சுட்டிக் காட்ட முடியும். இத்தகைய செயலியை இயக்கும் மொழி மாதிரி ஒரு வரியைச் சுருக்கத்தில் சேர்க்காமல் விட்டால், விட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது. விடுபடக் கூடாது என்பதற்காகவே செய்யப்படும் வேலையின் முதல் வாசலில் அதை நிறுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. லாக்கில் இருப்பவை முழுதும் நம் சொற்கள் அல்ல. உள்நுழைய முயன்றவர் இட்ட பயனர் பெயர், தளத்துக்கு வந்தவரின் உலாவி தன்னைப் பற்றிச் சொன்ன வரி, தேடல் பெட்டியில் எழுதப்பட்டது என்று அந்நியர் எழுதியவை அப்படியே அங்கே பதிகின்றன. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் குறைபாட்டில், லாக்4ஜே என்ற ஜாவா நூலகம் பதிவுசெய்த ஒரு சரமே, வெளியிலிருந்து தீய நிரலை இறக்கி இயக்கப் போதுமானதாக இருந்தது. அதேபோல, முந்தைய எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதே என்ற கட்டளையைப் பயனர் பெயரின் இடத்தில் எழுதி அனுப்ப ஒருவருக்கு அதிக முயற்சி தேவையில்லை; அதைப் படிக்கும் மாதிரி கட்டளைக்கு இணங்கிவிடக்கூடும். மேலும், ஐபி முகவரிகளும் மின்னஞ்சல் முகவரிகளும் நிறைந்த லாக்குகளை வெளி நிறுவனத்தின் சேவைக்கு அனுப்புவது, மக்களின் தனித்தகவலை அனுப்புவதாகும். அதை மறைத்துவிட்டு அனுப்புங்கள், அல்லது உங்கள் சொந்த இயந்திரத்தில் ஓடும் மாதிரியைப் பயன்படுத்துங்கள்.

விலக்கு விதிகளின் வழியே சலித்தெடுத்த பின் மிஞ்சும் சில வரிகள் இருக்கின்றன அல்லவா, அங்கே இந்தக் கருவி நன்றாக உதவும். புரியாத கெர்னல் வரி எதைக் குறிக்கக்கூடும் என்று கேட்கலாம். ஒரு வடிவத்துக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷனை எழுதித் தரச் சொல்லி, உங்கள் பழைய லாக்குகளின்மீது ஓட்டிச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். எதையும் அழிக்கவோ மூடவோ அதற்கு அதிகாரம் தர வேண்டாம்.

கேள்வி: அலசல் தானியங்கியான பிறகு, படித்து முடித்த பழைய லாக்குகளை அழித்து இடத்தை மிச்சப்படுத்தலாமா?
– தனியார் நிறுவன நிர்வாகி, ஈரோடு

பதில்: இந்தியாவில் செயல்படும் நிறுவனம் என்றால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, உங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும், உத்தரவில் பட்டியலிடப்பட்ட பாதுகாப்புச் சம்பவங்கள் கவனத்துக்கு வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். எனவே விலக்கு விதிகள் உங்கள் கண்ணுக்கு வருவதை மட்டுமே குறைக்க வேண்டும், சேமிப்பில் இருப்பதைக் குறைக்கக் கூடாது. இடம்தான் கவலை என்றால் சுருக்கி வையுங்கள். ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் லாக் கோப்புகள் மிக நன்றாகச் சுருங்கும்.

அவற்றை உருவான சர்வரிலேயே விட்டுவைக்காமல், உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்பிச் சேமியுங்கள். உள்ளே நுழைந்தவர் முதலில் செய்ய விரும்புவது தம் தடத்தை அழிப்பது. அந்த வரிகள் ஏற்கெனவே வேறிடம் போய்ச் சேர்ந்திருந்தால் அவரால் அது முடியாது. அலசும் வேலையும் அந்த மைய சர்வரிலேயே நடந்தால், எந்த சர்வரிலிருந்து வரிகள் வருவது நின்றுவிட்டது என்பதையும் அங்கிருந்தே கண்டுபிடிக்கலாம்.

அதே உத்தரவு, கணினிகளின் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புடைய சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. பல சர்வர்களின் லாக்குகளை ஒன்றாக வைத்து எது முதலில் நடந்தது என்று பார்க்கும்போது, ஒன்று ஐந்து நிமிடம் பின்தங்கி இருந்தால் முழு வரிசையும் தவறாகிவிடும். லாக் வரிகளை எழுதும் வழக்கமான முறையான சிஸ்லாக்கின் பழைய வடிவத்தில் ஆண்டும் நேர மண்டலமும் எழுதப்படுவதே இல்லை என்பதால், மைய சர்வருக்கு அனுப்பும்போது இவ்விரண்டும் அடங்கிய புதிய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தினசரி சோதனைகளில் ஒவ்வொரு சர்வரின் நேர விலகலையும் ஓர் எண்ணாகச் சேர்த்து, அது ஒரு நொடியைத் தாண்டினால் பணிக்குறிப்பு உருவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.